யாத்திரை செல்வோரும் தன்விவரக் காவலும்



காவிரிப் படுகை நெல் விளையும் பூமி. யாத்திரிகர் ஓயாது நடமாடும் பூமியும் அதுவே. தீபங்குடிக்கும் மன்னார்குடிக்கும் ஜினாலய தரிசனத்திற்கு வருவோர் உண்டு. திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமைதோறும் வருவோர் உண்டு. நாகூர்க் கந்தூரிக்கு வருவோர் உண்டு. நாகப்பட்டினத்திற்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் வேளாங்கண்ணிக்கோ எல்லாச் சமயத்தாரும், பல மாநிலத்தாரும் வருகின்றனர். அங்குள்ள ஆரோக்கிய அன்னை ஆலயம் 1962-ஆம் ஆண்டு பசிலிக்கா என்னும் தகுதியைப் பெற்றது. நாகப்பட்டினத்திலிருந்து அவ்வூருக்கு 2010-ஆம் ஆண்டு இருப்புப்பாதையும் வந்து சேர்ந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறிச் செப்டம்பர் 8 அன்று திருவிழா நிறைவுறும். அந்தப் பதினொரு நாளில் இலட்சக்கணக்கானோர் அந்தச் சிற்றூரில் தங்கிச் செல்கின்றனர். காவியுடை உடுத்திச் சென்னையிலிருந்து நடந்தே வருவோரும் அவர்களுள் அடங்குவர்.

இத்தகைய நாளில் ஓர் யாத்திரிகருக்கு அறை கிடைப்பதே பெரும்பாடு. அறை கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில், விடுதியின் முகப்பில் கேட்பதையெல்லாம் அவர் கொடுத்துவிடுகிறார். ஆதார் அட்டையின் நகல், கைப்பேசி எண், வீட்டு முகவரி, உடன் வந்தோரின் பெயர், சில இடங்களில் வாட்ஸ்அப் வழியாக அட்டையின் படம் என அனைத்தும் கைமாறுகின்றன. ஊர் திரும்பும்போது பெட்டி, பை, செருப்பு எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து எடுத்து வருபவர், தம் பெயரும் எண்ணும் படமும் எத்தனை பேரிடம் தங்கிவிட்டன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வுரையின் பொருள் அதுவே.

பயணியின் விவரம் பொதுவில் கிடப்பது புதிய செய்தியன்று. முன்பதிவு செய்த இரயில் பெட்டியின் வாயிலருகே பயணிகளின் பெயர், வயது, பாலினம், படுக்கை எண் யாவும் அச்சிட்ட தாளில் ஒட்டப்பட்டிருந்ததைப் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். தனியே செல்லும் ஒரு பெண்ணின் பெயரும் வயதும் நடைமேடையில் நிற்கும் எவருக்கும் தெரிந்திருந்தன. 2018 மார்ச் 1 முதல் பெரிய நிலையங்களில் அவ்வாறு ஒட்டுவது முதலில் ஆறு மாதச் சோதனையாக நிறுத்தப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் காகிதச் சிக்கனம். ஆயினும் அந்தத் தாள் இரயிலோடு போய், மறுநாள் கிழிந்து மறைந்தது. இன்று கைமாறும் படமும் எண்ணும் அவ்வாறு மறைவதில்லை. ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்குச் சென்று, ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கின்றன.

எனவே யாத்திரை புறப்படுபவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று. கேட்பவர் யார்? எதற்காகக் கேட்கிறார்? கொடுத்தது எவ்வளவு காலம் அவரிடம் இருக்கும்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் எதைக் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது என்பது தானே விளங்கும்.

முதலில் ஆதார் நகலைப் பார்ப்போம். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஆதார் நகலை எவரிடமும் கொடுத்துவிட வேண்டாம்; அது தவறாகப் பயன்படக்கூடும்; தங்கும் விடுதி, திரையரங்கு போன்ற உரிமம் பெறாத தனியார் அதைப் பெற்று வைத்துக்கொள்ள அனுமதியில்லை என்பது அதன் சாரம். நாடு முழுதும் மக்கள் கலங்கினர். அதுவரை எத்தனை விடுதிகளில் எத்தனை நகல்கள் கொடுத்தாயிற்று என்று ஒவ்வொருவரும் கணக்கிடத் தொடங்கினர். இரண்டே நாளில், மே 29 அன்று, மைய அரசு அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அது தவறாகப் பொருள் கொள்ளப்படக் கூடும் என்றும், மக்கள் வழக்கமான எச்சரிக்கையோடு நடந்துகொண்டால் போதும் என்றும் விளக்கம் தரப்பட்டது.

அறிவிப்பு போய்விட்டது, அது எழுப்பிய கேள்வி போகவில்லை. வழக்கமான எச்சரிக்கை என்றால் என்ன என்பதை மக்களே தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்த அறிவிப்பிலேயே அதற்கு ஒரு வழியும் கூறப்பட்டிருந்தது. அதுவே எண் மறைக்கப்பட்ட ஆதார். பன்னிரண்டு இலக்கங்களில் முதல் எட்டை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் இந்த வடிவத்தை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். பெயரும் படமும் அதில் இருக்கும். வந்திருப்பவர் இன்னார் என்று விடுதிக்காரர் அறிய அது போதும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை போன்ற வேறு சான்றையும் காட்டலாம். அயல்நாட்டிலிருந்து வரும் உறவினர்க்கு மட்டும் முறை வேறு. அவர்கள் தங்கும் செய்தியை 24 மணி நேரத்திற்குள் குடிவரவு அலுவலர்க்குத் தெரிவிப்பது விடுதியின் கடமை. ஆகவே அவர்களிடம் பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்பது முறையே.

காகித நகலே கொடுக்க நேர்ந்தால், அதன் குறுக்கே ‘வேளாங்கண்ணியில் அறை எடுப்பதற்கு மட்டும்’ என எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிடுவது நல்ல வழக்கம். எழுத்து படத்தின் மீதும் எண்ணின் மீதும் படிய வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டி எடுத்துவிடலாம். நகல் எடுக்கும் கடையிலும் கவனம் வேண்டும். கடைக்காரரின் கணினிக்கு அட்டையை அனுப்பி அச்சிட்டால், கோப்பு அங்கேயே கிடக்கும். அதை அழிக்கச் செய்துவிட்டே வெளியே வர வேண்டும். ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று சிலர் அமைதி கொள்வர். அந்தக் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. பெயரும் வயதும் அறிந்த எவருக்கும் அது திறக்கும் பூட்டே.

ஆதார் எண் வெளியே போனால் என்ன நேரும் என்று கேட்பவர் உண்டு. எண் மட்டும் தெரிந்து எவரும் வங்கிப் பணத்தை எடுத்துவிட முடியாது என்பது உண்மை. ஆனால் ஆதார் வழிப் பணம் வழங்கும் முறையில் ஆதார் எண், வங்கியின் பெயர், விரல்ரேகை ஆகிய மூன்றே தேவை, ஓ.டி.பி. கேட்கப்படுவதில்லை. ஆவணங்களிலிருந்து விரல்ரேகையைப் போலியாகச் செய்து பணம் எடுத்த குற்றங்கள் நாட்டின் பல பகுதிகளில் நிகழ்ந்துள்ளன. ஆதலால் புறப்படுமுன் ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ விரல்ரேகையைப் பூட்டி வைப்பது நன்று. தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். மேலும் ஒருவர் பெயரில் அவர் அறியாமல் சிம் அட்டை வாங்கவும் நகல்கள் பயன்படக்கூடும். தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் எவரும் பார்க்கலாம். தம்முடையதல்லாத எண்ணை அங்கேயே மறுத்துத் தெரிவிக்கலாம்.

அறைக்கு முன்பதிவு செய்யும்போதே இழப்பு தொடங்கிவிடுவதும் உண்டு. கேதார்நாத், சார்தாம் முதலிய தலங்களுக்குச் செல்வோரைக் குறிவைத்துப் போலி இணையதளங்களும், போலி முகநூல் பக்கங்களும், கூகுள் தேடலில் பணம் கொடுத்து முன்னிறுத்தப்படும் விளம்பரங்களும் பெருகியிருப்பதாக இந்தியச் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. விருந்தினர் இல்லம், விடுதி, வாடகைக் கார், ஹெலிகாப்டர் என எல்லாவற்றிற்கும் போலிகள் தோன்றின. பணம் பெற்றதும் அவற்றின் தொலைபேசி எண்கள் அடங்கிவிடும். பணத்தோடு குடும்பத்தார் அனைவரின் அடையாளப் படங்களும் அவர்கள் கைக்குப் போய்விடும் என்பதே பெரிய கேடு. வடக்கே நடந்தது தெற்கே நடவாது என்று எண்ண இடமில்லை. கூட்டம் மிகும் தலம் எதுவாயினும் அங்கே அறைக்குத் தவிப்போர் இருப்பர். தவிப்போர் இருக்குமிடத்தில் ஏமாற்றுவோரும் வருவர். ஆலயமோ அறக்கட்டளையோ நடத்தும் விடுதியாயின், அதன் அலுவலகத்திற்கே பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும். தேடலில் முதலில் வரும் எண்ணை அப்படியே நம்பலாகாது.

இரயில் சீட்டுக்கும் இதே விதி பொருந்தும். பயணம் புறப்படும் மகிழ்ச்சியில் சீட்டின் படத்தை வெளியிடுவோர் பலர். அதிலுள்ள பத்து இலக்கப் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு எந்த நாளில், எந்த வண்டியில், எந்தப் படுக்கையில் அவர் செல்கிறார் என்று எவரும் அறியலாம். வீடு எந்த நாளில் பூட்டிக் கிடக்கும் என்பதும் அதனால் வெளிப்படும். சீட்டுக் குறித்த குறையைத் தொலைபேசி எண்ணோடு பொதுவில் எழுதினால், அதிகாரி போலப் பேசி ஓ.டி.பி. கேட்பவர் விரைந்து வருவார்.

அடுத்தது கைப்பேசி. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நீராடச் செல்வோர் துணிமணியோடு கைப்பேசியையும் கரையில் வைத்துவிட்டு அலையில் இறங்குவது இயல்பு. இக்காலத்தில் கைப்பேசி தொலைவது பணப்பையும், வீட்டுச் சாவியும், குடும்பப் படத்தொகுப்பும் ஒருங்கே தொலைவதற்கு நிகர். எனவே திரைப்பூட்டு இன்றியமையாதது. பிறந்த ஆண்டையோ 1234 என்பதையோ பூட்டாக வைத்தல் கூடாது. பூட்டிய திரையின் மீது குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தோன்றாதவாறு அமைத்துவிட வேண்டும். இல்லையேல் பூட்டைத் திறவாமலே ஓ.டி.பி.யைப் படித்துவிடலாம். சிம் அட்டைக்கும் தனிப் பூட்டு உண்டு. அட்டையைக் கழற்றி வேறு கைப்பேசியில் இட்டாலும் எண்ணைப் பயன்படுத்த அப்பூட்டு விடாது. *#06# என அழுத்தினால் தோன்றும் பதினைந்து இலக்க அடையாள எண்ணை வீட்டில் ஒரு தாளில் குறித்து வைக்க வேண்டும். கைப்பேசி தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் அளித்து, மாற்றுச் சிம் பெற்று, சஞ்சார் சாத்தி தளத்தில் அவ்வெண்ணைக் கொடுத்துக் கருவியை முடக்கிவிடலாம். இவ்வசதி 2023 மே மாதம் முதல் நாடு முழுமைக்கும் உள்ளது.

மின்னூட்டும் இடத்திலும் ஓர் எச்சரிக்கை. பொது இடங்களில் நேரே கம்பியைச் செருகும் யு.எஸ்.பி. துளைகள் வழியாகக் கருவியிலுள்ள தரவைக் கவரக்கூடும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட விழிப்புணர்வு நூலில் குறிப்பிட்டிருக்கிறது. சொந்தச் சார்ஜரைச் சுவரிலுள்ள மின்செருகியில் இட்டாலோ, பவர் பேங்க் ஒன்றை உடன் கொண்டு சென்றாலோ அவ்வச்சம் இல்லை. இலவச வைஃபையும் அவ்வாறே. இரயில் நிலையங்களில் கிடைக்கும் இணைப்பில் செய்தி படிக்கலாம், வழி தேடலாம். வங்கிக் கணக்கைத் திறப்பதற்குச் சொந்த சிம்மின் இணைப்பே தக்கது. வைஃபை தருகிறேன் என்று ஏதேனும் செயலியை நிறுவச் சொன்னால் அதை ஏற்கவே கூடாது. கடையில் பணம் செலுத்தும்போது ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: யு.பி.ஐ. இரகசிய எண் பணம் செலுத்துவதற்கு மட்டுமே. பணம் பெறுவதற்காக அவ்வெண்ணை இடு என்று எவர் சொன்னாலும் அது வஞ்சனையே. வஞ்சிக்கப்பட்டவர் ஊர் திரும்பும்வரை காத்திராமல், வழியிலிருந்தே 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் தடுத்து நிறுத்த அதுவே வாய்ப்பு.

நடைப்பயணக் குழுவினரும், சுற்றுலாப் பேருந்து ஏற்பாடு செய்வோரும் ஒரு பழக்கத்தைக் கைவிட வேண்டும். ஐம்பது பேரின் பெயர், வயது, ஆதார் எண், தொலைபேசி எண் அடங்கிய பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது இன்று பரவலாகிவிட்டது. பொறுப்பாளர் ஒருவரிடம் இருக்க வேண்டியது ஐம்பது கைப்பேசிகளில் பதிந்துவிடுகிறது. குழந்தைகளின் படங்களையும் அவ்வாறு பரப்பலாகாது. கைப்பேசியில் எடுக்கும் படத்தினுள் எடுத்த இடமும் நேரமும் பதிவாகக்கூடும். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டால் அது நீங்கும். நடந்து செல்வோர் தம் இருப்பிடத்தை வீட்டார்க்கு வாட்ஸ்அப்பில் நேரலையாக அறிவிப்பது நல்லதே. 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என அதற்குக் கால அளவும் உண்டு. வீட்டார்க்குத் தெரியட்டும், முந்நூறு பேர் கொண்ட குழுவுக்குத் தெரிய வேண்டுவதில்லை.

இவ்வளவும் கேட்ட ஒருவர், ஆயின் பெயரையும் ஊரையும் எங்கும் மறைத்துவிடுவதே நலம் என்று முடிவு செய்துவிடலாகாது. அதற்கு வேளாங்கண்ணியே சான்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்த யாத்திரிகர் பலர் அன்று காலை கடற்கரையில் இருந்தனர். ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. வேளாங்கண்ணியில் மாண்டோருள் வெளியூரார் மிகுதி. உள்ளூரில் மாண்டவரை அடையாளம் காட்ட அண்டை வீட்டார் இருந்தனர். தொலைவிலிருந்து வந்தவரை அடையாளம் காட்ட ஆளில்லை. பெயர் அறியப்படாமலே புதைக்கப்பட்டோர் பலர். எங்கே போனார், எங்கே தங்கினார் என்றறியாமல் தேடி அலைந்த குடும்பங்களின் துயரத்தை இந்தக் கடற்கரை கண்டிருக்கிறது.

ஆதலின் விடுதிப் பதிவேட்டில் உண்மைப் பெயரும், ஊரும், வீட்டாரின் தொலைபேசி எண்ணும் எழுதப்பட வேண்டும். எந்த ஊர், எந்த விடுதி, எந்த நாள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அடையாள அட்டையின் நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். கைப்பேசியில் ‘அவசரத் தகவல்’ என்னும் பகுதி உண்டு. குருதி வகை, உறவினரின் எண் ஆகியவற்றை அதில் பதிந்தால், பூட்டைத் திறவாமலே மீட்போர் அதைப் படிக்கலாம். முதியவர் சட்டைப்பையில் பெயரும் ஓர் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். தன்விவரக் காவல் என்பது அறிய வேண்டியவர் அறியவும், வேண்டாதவர் அறியாதிருக்கவும் செய்யும் ஏற்பாடு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஏற்பாடு முழுமை பெறாது.

இதுவரை சொன்னவை விருந்தினரின் கடமை. விருந்தோம்புவோரின் கடமை அதனினும் பெரிது. தனியுரிமை அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன் வழியில் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவு சேகரிப்போரின் முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வரவுள்ளன. எதற்காகப் பெறுகிறோம் என்று சொல்லிப் பெற வேண்டும். கேட்பவர் விரும்பினால் அதைத் தமிழிலும் அறிவிக்க வேண்டும். நோக்கம் முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, அழித்துவிட வேண்டும் என்கிறது அச்சட்டம். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். தாளில் மட்டும் எழுதும் பதிவேட்டுக்கு இச்சட்டம் பொருந்தாது. அதையே கைப்பேசியில் படமெடுத்தால், கணினியில் ஏற்றினால், பொருந்தும்.

யாத்திரிகர்க்கு இடமளிக்கும் அறக்கட்டளைகளும் தரும சாலைகளும் சட்டத்தின் நாளை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. மிகுபொருள் விரும்பாமையை விரதமாகக் கொண்ட சமூகத்திற்கு, பிறருடைய விவரத்தைத் தேவைக்கு மேல் சேர்த்து வைப்பதும் மிகுபொருளே என்பது எளிதில் விளங்கும். அலமாரியில் பத்தாண்டாகக் கட்டுக்கட்டாய்க் கிடக்கும் ஆதார் நகல்களால் எவருக்கும் பயனில்லை. கறையான் அரிக்குமுன் வேறு கைக்குப் போனால் தீங்கு உண்டு. பழைய தாள் வாங்குவோரிடம் அவற்றை எடைக்குப் போடுவதும், கடலை மடிக்கும் பொட்டலமாக அவை கடைவீதிக்கு வருவதும் பெரும்பிழை. தேவை முடிந்த நகல்களைக் கிழித்தோ எரித்தோ அழிக்க வேண்டும். அட்டையைப் பார்த்துப் பெயரையும் ஊரையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அட்டையைத் திருப்பிக் கொடுப்பது இன்னும் நன்று. மேலாளரின் சொந்தக் கைப்பேசிக்கு அடையாளப் படம் அனுப்பச் சொல்லும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். அவர் வேலையை விட்டு விலகும் நாளில் அத்தனை பேரின் விவரமும் அவரோடு போய்விடும்.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியோர் அடுத்த யாத்திரைக்குப் புறப்படும் முன்னாள் மாலையில், அவர்கள் அருகே அமர்ந்து இவற்றைச் செய்து தர வேண்டும்: எண் மறைத்த ஆதாரை எடுத்துத் தருதல், விரல்ரேகையைப் பூட்டுதல், திரையில் செய்தி தோன்றாதவாறு அமைத்தல், அவசரத் தகவலைப் பதிதல், 1930 என்னும் எண்ணைச் சேமித்தல். ஒரு மணி நேர வேலை. கட்டுச்சோறு கட்டித் தருவதைப் போல இதுவும் வழியனுப்பும் முறையாகட்டும். யாத்திரிகர் கவலையின்றிச் சென்று, நிறைந்த மனத்தோடு இல்லம் திரும்புக.